லெம்பேயும் ஊரார் சுத்தம் செய்த வடிகாலும்

லெம்பே ரௌதோயாவின் வாழ்க்கையை வருஷக் கணக்கில் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் பிடிபடாது. திட்டக் கணக்கில் சொல்ல வேண்டும். பூட்ஸ் திட்டம் நடந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. சாண்ட்விச் திட்டத்தில் மகள் பிறந்தாள். டிரோன் திட்டம் பாதியில் இருக்கையில் கணவர் கட்டட வேலைக்கென்று பின்லாந்து போனார். மரத்தில் சிக்கிக் காணாமல் போன டிரோன்கூட ஒருநாள் திரும்பக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. ஒட்டுத்தாள் திட்டத்தின்போது மகள் வளர்ந்து தலைநகர் தாலினுக்குப் படிக்கப் போய்விட்டாள், லெம்பேக்கு முழங்கால் வலி வந்தது.

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் அதிகாரபூர்வமான பெயர்கள் உண்டு. ஒரு நீளமான ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைப் பொறுக்கிப் போட்டு, ஏதாவது பறவையின் பெயரோ தேவதையின் பெயரோ வரும்வரை குலுக்குவார்கள். ஊருக்கு அது வாயில் நுழையாது. திட்டம் எதை விட்டுவிட்டுப் போனதோ அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதல் திட்டம் வீட்டுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தது. இரண்டாவது, கூட்டம் நடக்கும்போதெல்லாம் முட்டை சாண்ட்விச் கொடுத்தது. நான்காவது எதுவும் கொடுக்கவில்லை. மஞ்சள் நிற ஒட்டுத்தாளைக் கையில் கொடுத்து, மனதில் இருப்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னது.

எல்லாத் திட்டங்களும் வந்தது ஒரே இடத்துக்குத்தான். ஊருக்கு வடக்கே இருக்கும் லூகேசோ சதுப்பு. கூட்டுப்பண்ணைக் காலத்தில் இயந்திரங்களை விட்டு அதன் குறுக்கே வடிகால் வெட்டினார்கள். காடு வளரும், வயல் வரும் என்றார்கள். தண்ணீர் போயிற்று, வேறெதுவும் வரவில்லை. பஞ்சுபோல நீரைக் குடித்து நிற்கும் பாசி செத்து, அடியில் காலங்காலமாக மக்கிக் கிடந்த கருமண் காய்ந்து, வெயில் கடுமையான கோடையில் தானாகப் புகையத் தொடங்கியது. பிறகு நாடு மாறியது, கொடி மாறியது, வெட்டிய வடிகாலை அடைத்தால் சதுப்பு பிழைக்குமா என்று பார்க்க ஆராய்ச்சிப் பணம் வந்தது.

அந்தப் பணத்தின் போக்கும் மழையின் போக்கும் ஒன்றுதான். ஐரோப்பா முழுக்க வரி கட்டுகிறவர்களிடமிருந்து ஆவியாக எழும்பி, பிரஸ்ஸல்ஸில் மேகமாகக் கூடி, தார்த்து பல்கலைக்கழகத்தின்மேல் பெய்து, அங்கிருந்து சிற்றோடைகளாகப் பிரிந்து, கடைசியில் லெம்பேயின் பூட்ஸில் ஈரமாக வந்து சேரும். பதிலுக்கு லெம்பே எடுக்கும் அளவுகள் மேலே ஏறும். சதுப்பிலிருந்து தார்த்து, தார்த்திலிருந்து தாலின், தாலினிலிருந்து பிரஸ்ஸல்ஸ். அங்கே அவை ஒரு சட்டத்தின் அடிக்குறிப்பாகிவிடும். அந்தச் சட்டம் திரும்ப இறங்கி வந்து, எந்தெந்தச் சதுப்பை மீட்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு நாட்டையும் கேட்கும். இந்த ஏணியில் தண்ணீருக்குள் நிற்கும் கடைசிப் படி லெம்பே.

அவர் வேலை களப்பணி. சதுப்பில் செருகிய குழாய்களில் நீர்மட்டம் பார்ப்பது, பாசி எவ்வளவு படர்ந்தது என்று சதுரச் சட்டகம் வைத்துப் பார்ப்பது, வருகிற மாணவர்கள் இடுப்புவரை புதையாமல் பார்ப்பது. கஷ்டம் வேலையில் இல்லை. வேலை ஒன்றாகவே இருந்தும் ஒவ்வொரு முறையும் அது புதிது என்று நிரூபிக்க வேண்டியதில்தான். பழைய குழாயைத் தொடர்ந்து பார்ப்பதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஆகவே ஒரே குழாய் முதல் திட்டத்தில் நீரியலாக இருந்தது, இரண்டாவதில் பருவநிலையாயிற்று, மூன்றாவதில் பல்லுயிர், நான்காவதில் மக்கள் பங்கேற்பு. குழாய் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

"எப்படி இருக்கீங்க லெம்பே?" என்று கடையில் பார்த்துக் கேட்டால், "மார்ச் வரைக்கும் இருக்கேன்" என்பார். ஒப்பந்தம் அதுவரை என்று அர்த்தம்.

ஒட்டுத்தாள் திட்டம் அப்படி ஒரு மார்ச்சில் முடிந்தது. அடுத்த திட்டத்துக்கான விண்ணப்பம் எங்கோ பரிசீலனையில் இருந்தது. நடுவில் சம்பளமில்லாத ஒரு பள்ளம். இந்தப் பள்ளங்களில் லெம்பே பார்னு நகரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் பில் போடுவார். ஆனால் அந்த வருஷத்துப் பள்ளம் சாதாரணமானதல்ல. அமைச்சகம் நாட்டின் மீட்புத் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தது. எந்தச் சதுப்பு உள்ளே, எது வெளியே என்று கோடு போடும் வேலை. லூகேசோ சரியாகக் கோட்டின்மேல் நின்றது. உள்ளே போனால் பிழைக்கும். வெளியே நின்றால், தோட்டத்து மண் விற்கும் கம்பெனி ஒன்று ஏற்கெனவே உரிமத்துக்கு எழுதிப் போட்டிருந்தது. அது வந்தால் பாசியைச் சீவி எறிந்துவிட்டு, கருமண்ணை அள்ளி மூட்டை கட்டி, ஹாலந்தில் தக்காளி வளர்ப்பவர்களுக்கு அனுப்பிவிடும். லெம்பே கல்யாணத்துக்கு முன்பிருந்து நின்றுகொண்டிருக்கும் தண்ணீர், அதன்பின் இருக்காது.

ஏப்ரல் மாதம், கடை வேலைக்குப் போவதற்கு முன், ஊனோவின் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். ஊனோ எங்கள் ஊர்த்தலைவர். கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். ஒட்டுத்தாள் கூட்டம் ஒவ்வொன்றிலும், சதுப்பைப் பற்றி என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, "வடிகால் பாலத்துப் பலகை உடைந்திருக்கிறது" என்று எழுதி ஒட்டியவர். அறிக்கையில் அது உள்கட்டமைப்பு சார்ந்த அக்கறை என்று வந்தது. பலகை உடைந்தபடியே இருந்தது.

"ஆகஸ்டுல ஆளுங்க வர்றாங்க, ஊனோ. தாலின்லேருந்து ஒருத்தங்க, பிரஸ்ஸல்ஸ்லேருந்து ஒருத்தர். சதுப்பை நேர்ல பாத்துட்டுத்தான் சேக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க."

"இத்தன வருஷமா வந்தவங்க எதைப் பாத்தாங்களாம்?"

"அவங்க அளக்கறவங்க. இவங்க கையெழுத்து போடறவங்க."

"அப்ப பூட்ஸ் கொண்டுவர மாட்டாங்க," என்றார் ஊனோவின் மனைவி ஹெல்வே, அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமலே. "ரெண்டு ஜோடி எடுத்து வைக்கணும்."

லெம்பே கருப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"எனக்கு இப்ப ஒப்பந்தம் இல்ல. வந்து பாக்க முடியாது. அளக்கற கருவி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், பேட்டரி இருக்கு. நீங்க ஒரு உதவி பண்ணுங்க. மே மாசக் கூட்டுவேலை வைப்பீங்கல்ல. அன்னிக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் ஒதுக்கிப் பெருக்கி வைங்க. வர்றவங்க பாக்க நல்லா இருக்கணும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"ரொம்ப வேண்டாம், ஊனோ. கொஞ்சம்."

"நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேனே."

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊரே திரண்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தால் அடுத்த வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருப்பது அவமானம். முதலில் பாலத்துப் பலகையை மாற்றினார்கள். பிறகு வழிகாட்டிப் பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். நடைபாதையில் விழுந்த கிளைகளை அப்புறப்படுத்தினார்கள். அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் பலகையின்மேல் நின்றபோது வடிகால் கண்ணில் பட்டது.

அடைத்த வடிகாலைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்களால் அமைதியாக ஒரு காபி குடிக்க முடியாது. ஒருவர் வீட்டில் குடி உண்டா, கடன் உண்டா, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறார்களா என்பதையெல்லாம் நாங்கள் அவர் வடிகாலைப் பார்த்தே முடிவு செய்வோம். ஊர் வடிகால் அடைத்துக் கிடந்தால் ஊருக்கே அந்தப் பெயர். அங்கே பைன் கட்டைகள் நெருக்கமாக நட்டு, இடையில் மண் திணித்து, மேலே பாசி மூடி, பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது. பிரஸ்ஸல்ஸ்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்?

பாலத்தருகே இருந்த முதல் தடுப்பு மண்வெட்டிக்கே வந்துவிட்டது. அடுத்ததற்குக் கயிறு கட்டி ஊனோவின் டிராக்டரால் இழுத்தார்கள். கரையைச் சீவி, புல்லை வெட்டி, அடியில் படிந்த சேற்றை வாரினார்கள். மூன்றாவது தடுப்பு சற்று மேலே, மரங்களுக்குள் இருந்தது. அதை நோக்கி நடக்கும்போது ஹெல்வே பானையைத் தட்டினார். பட்டாணி சூப் தயார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வேலை செய்வது எங்கள் வழக்கமில்லை. மூன்றாவது தடுப்பு தப்பியது அப்படித்தான்.

எடுத்த கட்டைகளை வீணாக்க மனம் வரவில்லை. அறுத்துப் பிளந்து, ஊர்ப்பொது சௌனாவின், அதாவது நீராவிக் குளியல் வீட்டின், தெற்குச் சுவரோரம், வெயில் படும்படி அடுக்கினார்கள். அடுக்கும் வெகு நேர்த்தி.

ஆகஸ்டில், விருந்தாளிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், லெம்பே கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தார். நேராகச் சதுப்புக்குப் போனார். புதுப் பலகையைப் பார்த்தார், பச்சை வண்ணத்தைப் பார்த்தார். பிறகு வடிகாலைப் பார்த்தார். ஓரம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. அடிமண் தெரிந்தது. தண்ணீர் எந்தத் தடையுமில்லாமல் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரு பக்கமும் பாசி வெளுத்து, மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கியது. அவர் மரங்களுக்குள் நடந்து மூன்றாவது தடுப்புவரை போய், அது நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பாலத்துப் பலகையில் உட்கார்ந்தார். பலகை உறுதியாக இருந்தது.

ஊனோ வீட்டு முற்றத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஊனோ, கட்டையெல்லாம் எங்க?"

"எந்தக் கட்டை?"

"வடிகால்ல இருந்த கட்டை."

"ஓ, அதுவா." ஊனோவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? எங்க அப்பா காலத்துலகூட அவ்வளவு சுத்தமா இருந்ததில்ல."

"பாத்தேன்."

"ரெண்டாவது கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. டிராக்டர் வெச்சுதான் எடுத்தோம்."

ஹெல்வே வாசற்படியில் நின்று லெம்பேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மனுஷா, கொஞ்சம் வாயை மூடு," என்றார். "அது குப்பை இல்ல போல."

 ஊனோ மண்வெட்டியைத் தரையில் குத்தி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். நடந்தது என்னவென்று ஒவ்வொன்றாகப் புரிவது அவர் முகத்தில் தெரிந்தது.

"குளிர்காலத்துல சொன்னீங்க," என்றார் மெதுவாக. "மண்டபத்துல, படம் போட்டு. தண்ணிய நிறுத்தறதுக்குத் தடுப்புன்னு. கேட்டுக்கிட்டோம். நான் தலையாட்டினேன்."

"ஆமா. முன் வரிசையில உக்காந்திருந்தீங்க."

"மே மாசம் போய்ப் பாத்தா வடிகால்ல கட்டை கிடந்துது. கை தானா போச்சும்மா."

லெம்பே அவரைத் திட்டியிருக்கலாம். ஊரில் பலர் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் கேட்டது ஒன்றுதான்: "கட்டை இருக்கா?"

"இருக்கு," என்றார் ஊனோ. "ஆனா பிளந்தாச்சு."

அன்று மாலை லெம்பே பேராசிரியர் தோனுவுக்குப் போன் செய்தார். நான்கு திட்டங்களுக்கும் தலைமை தாங்கியவர் தோனு. விண்ணப்பம் எழுதி எழுதியே தலை நரைத்தவர். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"மூணாவது நிக்குதா?"

"நிக்குது. அது பின்னால தண்ணி இருக்கு, பாசி பச்சையா இருக்கு."

"கீழ?"

"செத்துக்கிட்டு இருக்கு."

"லெம்பே, இது ஒப்பீட்டுச் சோதனை. ஒரே வடிகால், மேல தடுப்பு, கீழ இல்ல. கருவி எல்லாத்தையும் பதிஞ்சிருக்கும். நான் எத்தன வருஷமா இதுக்குப் பணம் கேட்டுக்கிட்டு இருந்தேன். கட்டினதைப் பிடுங்கறதுக்கு எவன் பணம் குடுப்பான்னு சிரிச்சாங்க."

"நாம பிடுங்கலையே."

"நாமதான் பிடுங்கினோம்னு சொல்லுவோம். வேணும்னே, திட்டமிட்டு."

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?"

"அவங்க படிவத்துல ஊர் மக்களோட சம்மதம்னு ஒரு கட்டம் இருக்கு. ஊரே கூடித் தடுப்பைப் பிடுங்கிச்சுன்னு தெரிஞ்சா, எதிர்ப்புன்னு எழுதுவாங்க. அதுல சிவப்பு விழுந்தா லூகேசோ முடிஞ்சுது. அழகுக்காகப் பிடுங்கினாங்கன்னு சொன்னா யாரு நம்புவா?"

"பொய் சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல, தோனு."

"நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்துல நில்லுங்க. நான் சொல்றேன்."

விருந்தாளிகள் வந்தார்கள். அமைச்சகத்திலிருந்து வந்தவர் பிர்கித், நாற்பதைத் தாண்டியவர், தேய்ந்துபோன சொந்த பூட்ஸோடு வந்திருந்தார். பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தவர் துவார்த்தே, போர்ச்சுகல்காரர், அவருக்கு ஹெல்வே எடுத்துவைத்த பூட்ஸ் பொருந்தியது. தோனு பாலத்தின்மேல் நின்று சோதனையை விளக்கினார். நன்றாகவே விளக்கினார், கேட்டுக்கொண்டிருந்த ஊனோவுக்கே ஒரு கணம் நாம் சோதனைதான் செய்திருக்கிறோமோ என்று தோன்றியது. துவார்த்தே வெளுத்த பாசியின்மேல் நின்றார், நொறுங்கும் சத்தத்தைக் கேட்டார். பிறகு மேலே நடந்து பச்சைப் பாசியின்மேல் நின்றார், முழங்கால்வரை இறங்கினார், சந்தோஷப்பட்டார். இனி எனக்கு எந்த வரைபடமும் காட்ட வேண்டாம் என்றார்.

பிர்கித் வடிகாலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கரையில புல்லையும் வெட்டியிருக்கீங்களே," என்றார் லெம்பேயிடம். "அதுவும் சோதனைக்காகவா?"

லெம்பே தோனுவைப் பார்த்தார். தோனு வானத்தைப் பார்த்தார்.

"பாக்க நல்லா இருக்கணும்னு," என்றார் லெம்பே.

பிர்கித் தலையாட்டிவிட்டு மேலே நடந்தார்.

விருந்தாளியைச் சௌனாவில் உட்கார வைக்காமல் அனுப்பும் பழக்கம் எங்களிடம் இல்லை. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். கடைசியில் எல்லோரும் துண்டைச் சுற்றிக்கொண்டு, முன்னறையின் நீள மேஜையில் பீரும் புகைபோட்ட மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. துவார்த்தே இறால்போல் சிவந்திருந்தார். இப்படி ஒரு சூட்டை வாழ்நாளில் கண்டதில்லை என்றார். பிர்கித் அதை மொழிபெயர்த்துவிட்டு, தன் பங்குக்குச் சொன்னார்: "நிஜமாவே நல்ல விறகு. எந்த மரம்?"

சௌனாவில் சண்டை போடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தேவாலயத்துக்குப் போகாத ஊனோ இதை மட்டும் மீறியதில்லை. காலையிலேயே ஹெல்வே அவரிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாலத்தில் அவர் திறக்கவில்லை. மேஜையில் முதல் பீர்வரை திறக்கவில்லை.

ஊனோ லெம்பேயைப் பார்த்தார். லெம்பே தலையசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

"பைன்," என்றார் ஊனோ. "உங்க தடுப்புதான் அது."

தோனு பீர் நுரையை ஊன்றிக் கவனித்தார். ஹெல்வே மீன் தட்டை எடுத்து, காரணமில்லாமல், மேஜையின் இன்னொரு பக்கம் வைத்தார்.

"தடுப்பைப் பிடுங்கி எரிச்சிட்டீங்களா?" என்றார் பிர்கித். "உங்களுக்கு அது பிடிக்கலையா?"

"பிடிக்கலையாவா?" ஊனோவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீங்க வர்றீங்கன்னுதான் சுத்தம் பண்ணினோம். வடிகால்ல கட்டையைப் பாத்ததும் கை தானா போச்சு."

"சோதனை எதுவும் இல்ல," என்றார் லெம்பே. "பெருக்கி வைங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். பெருக்கிட்டாங்க."

பிர்கித் பின்னால் சாய்ந்து சுவரில் தலையை வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எங்க அம்மா வோருப் பக்கம் இருக்காங்க," என்றார் பிறகு. "வீட்டுக்குப் பின்னால ஒரு வடிகால். அதை அடைக்க ரெண்டு தடவ ஆள் அனுப்பினேன். ரெண்டு தடவையும் அம்மா தோண்டிட்டாங்க. நான் எந்த அமைச்சகத்துல வேலை செய்யறேன்னு அவங்களுக்குத் தெரியும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்படுவாங்க. தோண்டிட்டு வந்துதான் சொல்லுவாங்க."

துவார்த்தே என்ன நடக்கிறது என்று கேட்டார். பிர்கித் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். துவார்த்தே அடுப்பைப் பார்த்தார், ஊனோவைப் பார்த்தார், தன் சிவந்த கைகளைப் பார்த்தார். இன்னொரு பீரைத் திறந்தார்.

"சம்மதக் கட்டத்துல நான் என்ன போடட்டும்?" என்றார் பிர்கித். "ஆமான்னு ஒண்ணு இருக்கு, இல்லன்னு ஒண்ணு இருக்கு. கை தானா போச்சுங்கறதுக்குக் கட்டம் இல்ல."

"இல்லன்னு மட்டும் போடாதீங்க," என்றார் லெம்பே. அன்று முழுக்க அவர் குரல் கொஞ்சமாவது உயர்ந்தது இந்த இடத்தில்தான். "என்னை விடுங்க. அடுத்த திட்டம் வந்தாலும் வரும், வராமலும் போகும். இந்தச் சதுப்பு போனா வராது. இவங்களுக்கு அது மேல கோபம் இல்ல, பிர்கித். அதைக் கண்ணாடி மாதிரி வெச்சுக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

"நான் நம்பறேன். ஆனா அடுத்த மே மாசம் அதே கை திரும்பப் போகுமே. அதுக்கு நான் என்ன எழுதறது?"

எல்லோரும் ஊனோவின் கைகளைப் பார்த்தார்கள். ஊனோவும் பார்த்தார்.

"கைக்கு வேற வேலை குடுங்க," என்றார் ஹெல்வே. "மே மாசம் மண்வெட்டி எடுத்தாச்சுன்னா இவங்கள நிறுத்த முடியாது. பிடுங்கறதுக்குப் பதிலா கட்டச் சொல்லுங்க. வருஷா வருஷம் எந்தத் தடுப்பு ஒழுகுதுன்னு பாத்து அடைக்கட்டும். யாரோட தடுப்பு நேரா இருக்குன்னு சண்டை போட்டுக்குவாங்க. சுத்தமா இருக்கும்."

பிர்கித் சுவரிலிருந்து தலையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குளிர்காலத்தில் நாட்டின் மீட்புத் திட்டம் வெளியானது. லூகேசோ உள்ளே இருந்தது. கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடியானது. சம்மதக் கட்டத்தில் ஆம் என்று இருந்தது. அதன்கீழே, தடுப்புகளின் பராமரிப்பை ஊர் மக்கள் தங்கள் வருடாந்தரக் கூட்டுவேலையில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. மற்ற மாவட்டங்களுக்கும் இதை முன்மாதிரியாகப் பரிந்துரைத்திருந்தார்கள். தோனுவின் கட்டுரையும் வந்தது. அதில் சோதனை என்ற சொல் இல்லை, எதிர்பாராத இடையூறு என்று இருந்தது. ஊனோ அதைத் தன்னைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொண்டு சட்டகம் போட்டு மாட்டினார்.

புதிய திட்டத்துக்கான விண்ணப்பம் தேறவில்லை. இந்தச் சதுப்பைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்று மதிப்பீட்டாளர்கள் எழுதியிருந்தார்கள். ஊரே பார்த்துக்கொள்வதால் தனிக் களப்பணியாளர் தேவைப்படவில்லை என்பதையும் பாராட்டியிருந்தார்கள். லெம்பே பார்னு கடையில் நிரந்தரமானார். "எப்படி இருக்கீங்க?" என்று இப்போது கேட்டால் உடனே பதில் வருவதில்லை. எந்த மாதத்தைச் சொல்வது என்று யோசிக்கிறார் போலிருக்கிறது.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை கடையில் அவருக்கு விடுமுறை. முதல் திட்டம் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். இடது கால் ஒழுகுகிறது. ஊர் முழுக்க அங்கே இருந்தது. புதுக் கட்டைகளை இறக்கி, நட்டு, மண் திணித்து, கால்களால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தடுப்பின் மேல்விளிம்பு மேஜைபோல் மட்டமாக இருந்தது. பாசி படர அவ்வளவு மட்டம் தேவையில்லை என்று லெம்பே சொல்லிப் பார்த்தார். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், இன்னும் மட்டமாக்கினார்கள்.

தேங்கத் தொடங்கிய தண்ணீரில் ஒரு கிளை மிதந்து வந்து தடுப்பில் மோதி நின்றது. ஊனோ குனிந்தார்.

"ஊனோ."

"சின்னக் குச்சிதாம்மா."

"இருக்கட்டும்."

"பாக்க அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும்."

ஊனோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மரங்களுக்கு அப்பால் ஹெல்வே பானையைத் தட்டினார். எல்லோரும் மண்வெட்டிகளைத் துடைத்துத் தோளில் போட்டார்கள்.

"வாங்க லெம்பே. சூப் ஆறிப்போயிடும்."

"ஆறட்டும். நீங்க எல்லாரும் முதல்ல கரையேறுங்க. நான் கடைசியா வரேன்."

கடைசி ஆள் மரங்களுக்குள் மறையும்வரை அவர் வடிகாலோரம் நின்றார். பிறகு பாலத்தருகே இருந்த பழைய குழாயிடம் போனார். அதைப் பார்க்கச் சொல்ல இப்போது யாரும் இல்லை. பார்த்தால் அனுப்ப ஓர் இடமும் இல்லை. மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. மூடியை இறுக்கிவிட்டு, சூப் குடிக்கப் போனார்.